ரூமுக்கு ஒரு குழாய்

செருப்பைக் கழத்தாண்டாம் கொத்தனாரே, அப்படியே வாங்க. தரையில இன்னும் சிமெண்டுத் தூசி கெடக்கு. தலையைக் குனிஞ்சிக்கிடுங்க, இந்த வாசல் நிலை எங்க தாத்தா போட்டது, அவரு குள்ளம். வாரத்துக்கு ஒருக்க நானே முட்டிக்கிடுதேன். ஒருநாள் கோவத்துல கோடாலியை எடுத்து நிலையில ரெண்டு கொத்துக் கொத்திட்டேன். அன்னா பாருங்க, தழும்பு தெரியுதா. பொறவு செத்துப்போன மனுசன்மேல என்ன கோவம்னு விட்டுட்டேன்.

கையா? அது ஒண்ணுமில்ல, தோள்பட்டை எலும்பு முறிஞ்சிட்டு. அதைப் பத்தியும் சொல்லுதேன். மேலூர்லருந்து இவ்வளவு தூரம் உங்களை வரவழைச்சதே அந்தச் சங்கதிக்காகத்தான். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. அடுத்த மாசம் பத்தாம் தேதி என் மவ வாரா. புஷ்பகலான்னு பேரு, நாங்க கலான்னு கூப்பிடுவோம். அவ வீட்டு வாசல் மிதிச்சி எட்டு மாசமாச்சு. ஒரே ஒரு ரூமுதான் மிச்சமிருக்கு, அவ வாரதுக்குள்ள அதை முடிச்சிக் கொடுத்திருங்க, போதும். இங்க உள்ளவன் ஒருத்தனும் அந்த ரூமுல கரண்டி வைக்க மாட்டேங்கான். ஏன்னு கேக்காதீங்க, நானே சொல்லுவேன். முதல்ல நான் செஞ்சு முடிச்ச நாலு ரூமையும் பாருங்க. அதைப் பாத்தாத்தான் பலவேசம் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குப் பிடிபடும்.

இது தார்சா. உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்களோ, வாசலை ஒட்டுன ரூமை நாங்க தார்சாம்போம். இங்கன குறுக்க ஒரு மண்சுவரு இருந்துச்சு. நாந்தான் இடிச்சேன், ஆளு விடல. கடப்பாரையை ஓங்கி முத குத்துக் குத்தும்போது ஒரு சொகம் இருக்கு பாத்துக்கிடுங்க, அதை எதுக்குக் கூலிக்காரனுக்குக் கொடுக்கணும்? நீங்க தொழில்காரரு, உங்களுக்குத் தெரியும். தெரியாதா? உங்களுக்கு அப்படித் தோணுதது இல்லையா? சரி, மனுசனுக்கு மனுசன் வித்தியாசம்.

நான் இடிச்ச ரெண்டாம் நாளு என் தம்பி வந்தான், லிங்கதுரை. தூத்துக்குடியில உப்பளத்துல இருக்கான். வீட்டுல கை வச்சாச்சுன்னு தெரிஞ்சதும் பங்கு கேக்க வாரான்னு நெனச்சேன். நெனச்சி, ரெடியாத்தான் நின்னேன். அவன் என்ன கேட்டாங்கீங்க? "சொத்துல எனக்கு ஒண்ணும் வேண்டாம். எழுதியும் தாரேன். அரங்குக் கதவை மட்டும் கழத்திக் கொடு"ங்கான்.

அரங்குன்னா, நாலாவது கட்டுல இருக்கு, கடைசியாக் காட்டுதேன். நீங்க கை வைக்க வேண்டிய ரூமு அதுதான். "கதவை வச்சி என்னலே செய்யப்போற?"ன்னேன். "வெட்டி எரிக்கணும். உன் கண்ணு முன்னால எரிக்கணும்"னான். தேக்கு கொத்தனாரே. ஒத்தைப் பலகை. இன்னைக்கி அப்படி ஒரு பலகை எந்த மரக்கடையில கிடைக்கும், சொல்லுங்க? அதை எரிக்கணும்ங்கான் இந்தக் கோட்டிக்காரன். வேண்டாம்லே போயிருன்னு மூணு தடவை சொன்னேன். அவன் என்னையத் தள்ளிக்கிட்டு உள்ள நடந்தான். கையில இருந்த கடப்பாரையைத் திருப்பிப் பிடிச்சேன். கூர்ப் பக்கமா அடிக்கல, மொட்டைப் பக்கந்தான். எவ்வளவு கோவம் வந்தாலும் எனக்கு நிதானம் தவறாது. காதுக்கு மேல ஏழு தையல். ரெத்தம் இன்னா இந்தச் சுவத்துல இவ்வளவு உயரத்துக்கு அடிச்சிட்டு. மூணு கோட்டுப் பெயிண்டு அடிச்சும் தெரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்த ஒரு பக்கம் மட்டும் டைல்ஸ் ஒட்டிட்டேன். பாக்கதுக்கு இதுவும் நல்லாத்தான் இருக்கு.

பாத்து, பாத்து. கால்ல குழாய் இடிக்கும். ஆமா, குழாய்தான். தார்சாவுல எதுக்குக் குழாய்ன்னுதான பாக்கீங்க? எல்லா ரூமுலயும் உண்டு. ரூமுக்கு ஒண்ணு. தரையிலருந்து ஒரு சாண். நீங்க சிரிக்கலாம், எல்லாரும் சிரிச்சாச்சு. ஏன் வச்சேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. மனசுல அப்படித் தோணிச்சு, வச்சேன். என் வீடு, என் தண்ணி.

இப்படி வாங்க. இது பட்டாசல், நீங்க ஹாலும்பீங்க. நடுவுல நாலு மரத்தூண் நின்னுச்சு, எடுத்துட்டு இரும்புக் கர்டர் கொடுத்தேன். தரை மொத்தமும் கிரானைட்டு. முகம் பாத்துத் தலை சீவலாம். இந்தக் குழாய் வேலையை எங்க ஊரு பிளம்பர் சங்கரபாண்டிதான் செஞ்சான். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொழுப்பு. ஹாலுக்குக் குழாயைக் குறிச்சிக் கொடுத்தேன். குந்தி உக்காந்து சாண் போட்டுப் பாத்தான். "அண்ணாச்சி, இவ்வளவு தாழ வச்சா யாரு தண்ணி பிடிக்க? நாய்க்குட்டி வளக்கப் போறீங்களா?"ன்னான். கூட இருந்த கையாளும் சிரிச்சான். எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல. அவன் பக்கத்துல கெடந்த பைப் ரெஞ்சை எடுத்து வாயிலயே ஒண்ணு வச்சேன். முன்பல்லு ரெண்டு இந்தக் கிரானைட்டுல டப்புன்னு விழுந்துச்சு. ஈரத்துணியால நாந்தான் துடைச்சேன். அவனையும் நாந்தான் வண்டியில ஏத்தி பல்லு டாக்டர்ட்ட கொண்டுபோனேன். கோவம் இருக்குத இடத்துலதான் குணம் இருக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

அதுக்குப் பொறவு ஊர்ல இந்த வீட்டுக்கு என்ன பேரு தெரியுமா? தண்ணிப்பந்தல். பஸ்ல இறங்கி பலவேசம் வீடு எங்கன்னு கேட்டா ஒருத்தனும் சொல்லமாட்டான். தண்ணிப்பந்தல் எதுன்னு கேட்டா சின்னப்புள்ள கையைக் காட்டும். நீங்களும் அப்படிக் கேட்டுத்தான் வந்தீங்களா? அதான பாத்தேன்.

அடுக்களையைப் பாருங்க. இதைச் செய்யதுக்குத்தான் எனக்கு ரெண்டு மாசம் பிடிச்சிட்டு. காரணம் என் வீட்டுக்காரி. செல்லக்கனின்னு பேரு, பேருதான் கனி. இந்த மூலையில தரையோட பதிச்சி ஒரு ஆட்டுரலு கெடந்துச்சு. மிக்ஸி வந்துட்டு, கிரைண்டர் வந்துட்டு, உரலு எதுக்கு? தோண்டி எடுத்திருவோம்னேன். "நான் இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து உக்காந்து மூச்சு விட்ட இடம் இது ஒண்ணுதான், இதை விட்டுருங்க"ன்னா. சொல்லிட்டு உரலுமேலயே ஏறி உக்காந்துக்கிட்டா. பாத்துக்கிடுங்க பிடிவாதத்தை.

நான் சம்மட்டியைத் தூக்கினேன். எழுந்திருச்சிருவான்னு நெனச்சேன் கொத்தனாரே, எந்தப் பொம்பளையும் எழுந்திருச்சிருவா. இவ கண்ணைக்கூட மூடல. தூக்கின சம்மட்டியைத் திருப்பி எறக்க முடியுமா? உரலு விளிம்புல போட்டேன். அவமேல போடல, விளிம்புலதான் போட்டேன். கருங்கல்லு சில்லு ஒண்ணு தெறிச்சி அவ இடது கண்ணுல பட்டுட்டு. இப்பவும் அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியும், ஆளு தெரியாது. ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு அவளே சொன்னா, வழுக்கி விழுந்துட்டேன்னு. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கல. அதுதான் பாசம். அடிக்கிற கைதான் அணைக்கும்னு அவளுக்குத் தெரியும்.

இப்ப அவ இங்க இல்ல. கோயம்புத்தூர்ல மவளுக்குத் துணையா இருக்கா. எட்டு மாசமா அங்கதான். சமைச்சுப் போடணும்லா. நான் ஓட்டல்ல சாப்பிட்டுக்கிடுதேன், எனக்கு ஒரு கொறையும் இல்ல. அடுக்களையைப் பாருங்க எவ்வளவு சுத்தமா இருக்குன்னு. அடுப்பு இன்னும் ஒருநாள்கூடப் பத்த வைக்கல.

படி ஏறுவோமா? நீங்க முன்னால போங்க, எனக்குக் கைப்பிடிக்க முடியாது. மேல இருக்குத மச்சு ரூமு கலாவுக்குன்னு செஞ்சது. ஏசி பாருங்க. பாத்ரூமு ரூமுக்குள்ளயே. கண்ணாடி வச்ச பீரோ. ரோஸ் கலரு அவ சின்னதுல கேட்டது, மறக்காம அதே கலரு அடிச்சேன். அவ லேப்ல வேலை பாக்கா, ரெத்தம் சளியெல்லாம் டெஸ்ட்டு பண்ணுவாங்கல்லா, அது. தீபாவளிக்கு லீவுல வந்தா. கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வந்து இங்கன நிப்பாட்டி, பாருன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, ஏசியைப் பாக்கல, பீரோவைப் பாக்கல. கதவைப் பாத்தா. உள்பக்கம் பாத்தா, வெளிப்பக்கம் பாத்தா. "தாழ்ப்பாள் ஏம்ப்பா வெளிய இருக்கு?"ன்னா.

இந்த வீட்டுல பொம்பளப்புள்ள ரூமுக்கு வெளியிலதான் தாழ்ப்பா. அது அந்தக் காலத்துலருந்து உள்ள வழக்கம். பழைய கதவுல எப்படி இருந்துச்சோ அப்படியே புதுக் கதவுலயும் போடுலேன்னு ஆசாரிட்ட சொன்னேன், போட்டான். இதுல என்ன தப்பு? சேலை முள்ளுல விழுந்தாலும் முள்ளு சேலையில விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான். உங்களுக்குப் பொம்பளப்புள்ள உண்டா? ரெண்டா? அப்பம் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இவ கீழ போனா. ஆசாரி விட்டுட்டுப்போன சுத்தியலை எடுத்துட்டு வந்தா. வந்து, அந்தத் தாழ்ப்பாளை அடிச்சா பாருங்க ஒரு அடி. அதுலயே ஸ்குரூ தெறிச்சிட்டு. அப்பனுக்குத் தப்பாத புள்ளன்னு அந்த நேரத்துலயும் எனக்குள்ள ஒரு பெருமை. இருந்தாலும் கண்டிக்கணும்லா? கன்னத்துல ஒண்ணு விட்டேன். விழுந்தா. விழுந்தவ எழுந்திருச்சி, சுத்தியலை என் நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கா. "அத்தையையும் இப்படித்தான் அடிச்சியா? சித்தப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு"ன்னா. அந்த லிங்கதுரை மூதி, மண்டையில தையல் போட்ட கையோட கோயம்புத்தூருக்கே போயிச் சொல்லியிருக்கான்.

அன்னைக்கே அம்மையும் மவளும் பைதூக்கிட்டாங்க. வாசல்ல நின்னு சொன்னா: "அந்த அரங்கை இடிச்சித் தரைமட்டமாக்கு. கதவை எரி. அன்னைக்கி வாரேன். இல்லைன்னா உன் சாவுக்குத்தான் வருவேன்." பெத்த அப்பன்ட்ட பேசுத பேச்சா கொத்தனாரே இது? எங்க காலத்துல இப்படிப் பேசினா நாக்கு இருந்திருக்குமா?

எறங்குங்க, எறங்குங்க. இனி அரங்குதான்.

இதுதான். இருட்டா இருக்குல்லா. ஜன்னல் கிடையாது, பகல்லயும் லைட்டு வேணும். அந்தக் காலத்துல நெல்லும் நகையும் வைக்கதுக்குன்னு கட்டுன ரூமு. காத்து வராது, எலி வராது, ஒண்ணும் வராது. மேல பாருங்க, ஓடு பாதி சரிஞ்சி கெடக்கு. அது நான் செஞ்ச வேலை. என் மவ ஆசைப்பட்டாளேன்னு ஊர்க் கொத்தனாரு அஞ்சு பேரைக் கேட்டேன். அஞ்சு பேரும், அது கன்னி இருக்குத ரூமு, நாங்க கை வைக்க மாட்டோம்னுட்டான். ஒருத்தன் அட்வான்ஸைத் திருப்பி வாசல்ல வச்சிட்டு ஓடியே போயிட்டான்.

கன்னின்னா உங்க பக்கம் தெரியுமா? கல்யாணம் ஆகாம செத்துப்போற பொம்பளப்புள்ள தெய்வமாயிரும். வீட்டுத் தெய்வம். அவளுக்குன்னு ஒரு ஓலைப்பெட்டி. அன்னா மூலையில சாக்கைப் போட்டு மூடி வச்சிருக்கேன் பாருங்க, அதுதான். உள்ள பாவாடை தாவணி, ரிப்பன், கண்ணாடி வளையலு, பவுடர் டப்பா, சீப்பு. வருசத்துக்கு ஒருநாள் படையல் போட்டு, புதுத்துணி வச்சி, பழசை எடுத்து வீட்டுல உள்ள புள்ளைக்கு உடுத்தக் கொடுக்கணும். கலாதான் வருசா வருசம் உடுத்துவா. சின்னதுல பாவாடை தரையில கூட்டும், தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நடப்பா. துணிக்கடையில அளவு கேட்டா, பத்தொம்பது வயசுப் புள்ளைக்குன்னுதான் இன்னைக்கும் சொல்லுதேன். கன்னிக்கு வயசு ஏறாதுல்லா. கலாவுக்கு இருபத்துநாலு ஆயிட்டு. அத்தையைவிட மூத்தவளாயிட்டா.

ஆமா, கன்னி என் தங்கச்சிதான். தங்கபுஷ்பம். அவ பேரைத்தான் மவளுக்கு வச்சேன். எவ்வளவு பிரியம் இருந்தா வச்சிருப்பேன், யோசிச்சிப் பாருங்க.

ஒருத்தனும் வரலைன்னதும் நானே சம்மட்டியை எடுத்தேன். என் தங்கச்சிக்கு என் மேல என்ன கோவம்? நான்தான வருசம் தப்பாம துணி எடுத்து வைக்கேன்? பெட்டியை அந்த மூலைக்கு நகத்தி வச்சேன். இந்தச் சுவத்துல போட்டேன். ஒரு அடி, ரெண்டு அடி, பத்து அடி. அவ என்ன செஞ்சா, இவ என்ன செஞ்சா, எல்லாரும் என்னைய என்ன பாடுபடுத்துதாங்கன்னு ஒவ்வொருத்தர் பேரையாச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். வேகத்துல உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க மறந்துட்டேன். பனங்கட்டை உத்திரம் பூரா இந்தச் சுவத்துமேலதான் உக்காந்திருக்கு. நீங்க சிரிப்பீங்க, சித்தாளுக்குக்கூடத் தெரியும். அடியில கல்லை உருவினதும் மேல உள்ளது அப்படியே எறங்கிட்டு. உத்திரம் தோள்ல விழுந்து, ஓடெல்லாம் தலையில விழுந்து, இந்தக் கதவுக்கிட்ட கெடந்தேன். விழுந்த வேகத்துல கதவு சாத்திக்கிட்டு. ஒரு மணி நேரம் இருக்கும். வாயெல்லாம் மண்ணு. தண்ணி, தண்ணின்னு கத்தினேன். ஆளு இல்லாத வீடு, யாருக்குக் கேக்கும்? நாலு ரூமுல நாலு குழாய் வச்சிருக்கேன், இந்த ரூமுல இல்ல பாருங்க. பொறவு பால்காரன் வந்து சத்தங்கேட்டுத் தூக்கினான்.

உக்காருங்க, அந்த மூட்டைமேல உக்காருங்க. உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. நீங்க வெளியூரு, வேலையை முடிச்சிட்டுப் போயிருவீங்க. தங்கச்சி செத்ததுக்கு ஊருக்கு நாங்க காச்சல்னுதான் சொன்னோம். காச்சல்தான். கடைசியில காச்சல் இருக்கத்தான் செஞ்சுது, நெத்தி கொதிச்சுதுன்னு தொட்டவங்க சொன்னாங்க.

அவ டைப்பு கிளாசுக்குப் போய்க்கிட்டிருந்தா. ஒரு பயகூட பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசுதான்னு ஒருத்தன் வந்து சொன்னான். கேட்டேன். "பேசினியாட்டி?" "ஆமாண்ணே." "கட்டிக்கப் போறியாட்டி?" "ஆமாண்ணே." இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? பொய்யாவது சொல்லியிருக்கலாம்லா? நான் விட்டிருப்பேன். அவ என் கண்ணைப் பாத்து ஆமாங்கா. கதவுக்குக் குறுக்கப் போடுத கட்டை ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் எடுத்தேன். முதுகுல, தொடையில, கணுக்கால்ல. தலையில ஒண்ணுகூடப் போடல. நான் அடிச்ச அடி எனக்குத் தெரியாதா? சாவுத அடியில்ல அது. கட்டை ரெண்டாத் தெறிச்சதும் நிப்பாட்டிட்டேன். இழுத்துட்டு வந்து இதுக்குள்ள போட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். எங்க அம்மை அப்பவே இல்ல. அப்பா பட்டாசல்ல கட்டில்ல உக்காந்திருந்தாரு. ஒண்ணும் சொல்லல. சொல்லலைன்னா சம்மதந்தான?

புதன்கிழமை மத்தியானம் போட்டது. வியாழக்கிழமை காலையில தண்ணி கேக்க ஆரம்பிச்சா. அண்ணே, தண்ணி. அண்ணே, ஒரு மடக்குத் தண்ணி. அவனை மறந்துட்டேன்னு சொல்லு, கொண்டாரேன்னேன். அதைச் சொல்லல. தண்ணின்னு மட்டும் சொல்லுதா. பிடிவாதம், எங்க குடும்பத்துப் பிடிவாதம். இந்தக் கதவுக்கு அடிக்கட்டை கிடையாது பாருங்க, நெல்லுமூட்டையை உருட்டதுக்காக அப்படிச் செஞ்சது. கீழ ரெண்டு விரல் எடவெளி இருக்கும். மத்தியானம் அது வழியா அவ விரலு நாலும் வெளிய வந்துட்டு. நகத்துல மருதாணி.

லிங்கதுரைக்கு அப்பம் பதினாறு வயசு. நான் அடுக்களைப் பக்கம் போயிட்டு வரதுக்குள்ள செம்புல தண்ணி எடுத்துட்டு வந்து, தரையோட படுத்துக்கிட்டு, கதவுக்கு அடியில ஊத்துதான். அவ உள்ள தரையை நக்குத சத்தம் கேக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். உடைஞ்ச கட்டையில பாதி அங்கனதான் கெடந்துச்சு. செம்பு பிடிச்ச கைமேல போட்டேன். அவன் வலது கையில மூணு விரலு இன்னைக்கும் மடங்காது. செம்பு உருண்டு தண்ணி அந்தப் பக்கமா ஓடிட்டு, இந்தப் பக்கம் வரல. விரலு நாலும் தரையைத் தடவிப் பாத்துச்சு. அப்புறம் அப்படியே இருந்துச்சு.

சாயங்காலம் தெறந்தோம். கதவு தெறக்கல, அவ கதவுக்கு அடியில முகத்தை வச்சிப் படுத்திருந்தா, தள்ளித்தான் தெறக்க வேண்டியிருந்துச்சு. காச்சல்.

ஏன் எழுந்திருக்கீங்க? உக்காருங்க கொத்தனாரே. முப்பது வருசத்துக்கு மேல ஆயிட்டு, அழுது தீத்தாச்சு, படையல் போட்டாச்சு. தெய்வமாயிட்டா. படையலன்னைக்கு அந்தச் செம்புல தண்ணி நிறைச்சி வைக்கது நாந்தான், வேற ஆளைத் தொட விடமாட்டேன். கழுத்துவரைக்கும் நிறைச்சி வைப்பேன். மறுநாள் பாத்தா ஒரு சொட்டுக் கொறஞ்சிருக்காது. அதுதான் எனக்கு ஒரு வருத்தம்.

சரி, வேலைக்கு வருவோம். கலாட்ட போன வாரம் போன்ல சொல்லிட்டேன், அரங்கை இடிச்சாச்சுன்னு. இன்னா இந்த ஓடு சரிஞ்சி கெடக்குல்லா, இதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நம்பிட்டா. அழுதா. "அப்பா"ன்னு கூப்பிட்டா, எட்டு மாசத்துக்குப் பொறவு. பத்தாம் தேதி வாரேன், ஒரு ஆளையும் கூட்டிட்டு வாரேன், நீ பாத்துப் பேசணும்னா. யாரு என்னன்னு நான் ஒண்ணும் கேக்கல. கோவப்படவும் இல்ல. வா தாயி, பேசிக்கிடலாம், எல்லாம் நல்லபடியா முடியும்னு சொன்னேன். நான் அவ்வளவு பதமாப் பேசினதைப் பாத்து அவ அம்மையே அசந்துபோயிருப்பா.

தரைமட்டமாக்குன்னு அவ சொன்னது கோவத்துல சொன்னது. இந்தச் சுவரு மூணையும் இடிச்சா வீடே உக்காந்துரும், அது உங்களுக்கே தெரியும். அதனால முட்டுக் கொடுத்து உத்திரத்தைத் தூக்கி நிப்பாட்டுங்க. ஓடெல்லாம் எடுத்துட்டு கான்கிரீட்டு போட்டுருங்க. சுவத்துக்குப் பட்டி பாத்து நல்ல கலரு அடிப்போம், லைட்டு போடுவோம். மச்சு ரூமு வெக்கை, இங்க குளுகுளுன்னு இருக்கும். கலாவுக்கே இந்த ரூமைக் கொடுக்கலாம்னு இருக்கேன். வந்ததும் கொஞ்சநாள் இதுல இருக்கட்டும். அவ மனசு ஒரு நெலைக்கு வார வரைக்கும்.

கதவைக் கழத்தவேண்டாம். ரெண்டு கோட்டு வார்னீஸ் போதும், தேக்குக்கு அது எடுத்துக் கொடுக்கும். தாழ்ப்பா அது இருக்குத இடத்துலயே இருக்கட்டும்.

பையை ஏன் எடுக்கீங்க? கரண்டியை உள்ள வச்சிட்டீங்க? நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி நடக்கீங்க? நானும் மனுசந்தான் கொத்தனாரே, பட்டுத் திருந்தினவன்தான். தோள்ல உத்திரம் விழுந்து இந்தத் தரையில கெடந்த அன்னைக்கே, இதுக்குள்ள என்ன கொறைன்னு எனக்குப் புரிஞ்சிட்டு. அதே தப்பை மறுபடியும் செய்வேனா? நில்லுங்க, ஒரு நிமிசம் நின்னு கேட்டுட்டுப் போங்க. உள்ள ஒரு குழாய் வச்சிருங்க. கதவுக்குப் பக்கத்துல, தரையிலருந்து ஒரு சாண். எழுந்திருச்சி நிக்க முடியாமப் போனாலும், படுத்த வாக்குல கை எட்டணும்லா.